வெளிநாட்டு இணையதளத்தில் ரூபாயா, டாலரா? கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும் கூடுதல் செலவு

சித்தூர்: வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, அட்டை எண்ணைப் பதிவிட்டு முடித்த பிறகு, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி தோன்றுகிறது. 'அமெரிக்க டாலரில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?' என்பதே அக்கேள்வி. பழகிய ரூபாய்க் குறியைக் கண்டதும் பலர் தயக்கமின்றி அதையே அழுத்துகின்றனர். எவ்வளவு செலவாகும் என்பது அப்போதே தெரிந்துவிடும் என்பது அவர்களின் எண்ணம்.

ஆனால், அந்த ஒரு அழுத்தம் நூறு ரூபாய்க்கு இரண்டு முதல் ஐந்து ரூபாய் வரை கூடுதலாகச் செலவு வைக்கக்கூடும். சில நேரங்களில் அதற்கு மேலும் போகலாம். விற்பவரின் நாட்டு நாணயத்திலேயே பணத்தைச் செலுத்திவிட்டு, அதை ரூபாயாக மாற்றும் வேலையைத் தமது வங்கியிடம் விட்டுவிடுவதே பெரும்பாலான நேரங்களில் வாடிக்கையாளருக்கு லாபமானது. இதற்கான காரணம் என்ன, எந்தச் சூழலில் இந்த விதி மாறும் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

எல்லை மாவட்டங்களில் பெருகும் டாலர் செலவு

தமிழ்நாட்டின் வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களை ஒட்டியுள்ள சித்தூரும், அதிலிருந்து பிரிந்து 2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டமான திருப்பதியும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் பகுதிகள். 1954-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015-இல் வந்த ஐஐடி, ஐஐஎஸ்இஆர் ஆகியவற்றால் திருப்பதி ஒரு கல்வி நகரமாகவும் விளங்குகிறது. ஆந்திராவின் பிற பகுதிகளைப் போலவே இங்கிருந்தும் மாணவர்கள் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கின்றனர்.

அவ்வாறு செல்லும் மாணவரின் செலவு விமானம் ஏறும் நாளில் தொடங்குவதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், மதிப்பெண் சான்றை அனுப்பும் கட்டணம், தங்குமிடத்துக்கான முன்பணம் என ஓராண்டுக்கு முன்பே டாலர் செலவு தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் எஃப்-1 விசா கோரும் மாணவர்கள் இணையவழியில் செலுத்தும் 'செவிஸ்' கட்டணம் 2019 ஜூனில் 350 டாலராக உயர்த்தப்பட்டது. கல்விக் கடன் கைக்கு வருவதற்கு முன்பே இவற்றில் பலவற்றைப் பெற்றோரின் கடன் அட்டையில்தான் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய் வீணானால்கூட, இறுதியில் அது நடுத்தரக் குடும்பத்துக்குக் கணிசமான தொகையாகிவிடும்.

மாற்றுவது யார் என்பதே கேள்வி

வெளிநாட்டு விற்பனையாளர் தமது பொருளுக்கு டாலரில் விலை வைத்திருக்கிறார். வாங்குபவரின் கணக்கில் இருப்பதோ ரூபாய். இடையில் யாரோ ஒருவர் நாணயத்தை மாற்றியே ஆக வேண்டும். அதை யார் செய்வது என்பதைத்தான் கடைசிப் பக்கத்தில் உள்ள கேள்வி முடிவு செய்கிறது.

டாலரைத் தேர்ந்தெடுத்தால், விற்பனையாளர் டாலர் தொகையையே கோருவார். விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனங்கள் தாம் நாள்தோறும் நிர்ணயிக்கும் விகிதத்தில் அதை ரூபாயாக மாற்றுகின்றன. இந்த விகிதம் பொதுவாகச் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதன்மேல், அட்டை வழங்கிய இந்திய வங்கி 'ஃபாரின் கரன்சி மார்க்அப்' எனப்படும் கட்டணத்தைச் சேர்க்கிறது. பல அட்டைகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை உள்ளது. அந்தக் கட்டணத்துக்கு மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மார்க்அப் கட்டணமே இல்லாத சில அட்டைகளும் சந்தையில் கிடைக்கின்றன.

ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், நாணய மாற்றம் விற்பனையாளரின் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. விற்பனையாளருக்காகப் பணத்தைப் பெறும் வங்கியோ, அதனுடன் ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனமோ தாமே ஒரு விகிதத்தை நிர்ணயித்து, அதில் தமது லாபத்தையும் சேர்த்து ரூபாய்த் தொகையைக் காட்டுகிறது. இம்முறைக்கு 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்', சுருக்கமாக டிசிசி என்று பெயர். வெளிநாட்டுக் கடைகளின் அட்டைக் கருவிகளிலும் ஏடிஎம்களிலும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. இணைய விற்பனைத் தளங்களும் பேபால் போன்ற கட்டணச் சேவைகளும் தமக்கென நாணய மாற்று வசதிகளை வைத்துள்ளன. பெயர்கள் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே.

எந்த நாணயத்தில் கணக்கை முடிப்பது என்ற கேள்வி சித்தூருக்குப் புதிதல்ல. தமிழில் கிளிமூக்கு மாம்பழம் எனப்படும் தோத்தாபுரியின் கூழ் இம்மாவட்டத்திலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. நாணயத்தை மாற்றுவது இலவச வேலை அல்ல என்பதும், எந்த வங்கி என்ன விகிதம் தருகிறது என்று விசாரிக்காமல் கையெழுத்திட்டால் லாபத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதும் ஏற்றுமதியாளர்கள் அறிந்ததே. வணிகர் கேட்கும் அதே கேள்வியை இணையத்தில் பொருள் வாங்குபவரும் கேட்டாக வேண்டும்.

100 டாலருக்கு எவ்வளவு?

ஓர் எடுத்துக்காட்டு மூலம் இதைப் புரிந்துகொள்ளலாம். சித்தூரில் வசிக்கும் ஒரு மாணவி அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு 100 டாலர் செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய அட்டை நிறுவன விகிதம் ஒரு டாலருக்கு ரூ.90 என்றும், அவரது வங்கியின் மார்க்அப் கட்டணம் 3.5 சதவீதம் என்றும் கொள்வோம்.

டாலரில் செலுத்தினால்: பொருளின் விலை ரூ.9,000. மார்க்அப் ரூ.315. அதன் மீதான ஜிஎஸ்டி ரூ.56.70. மொத்தம் ரூ.9,371.70.

ரூபாயில் செலுத்தினால்: இணையதளம் தனது விகிதத்தில் 5 சதவீதம் சேர்த்து, ஒரு டாலருக்கு ரூ.94.50 என்று கணக்கிடுகிறது என்போம். திரையில் தோன்றும் தொகை ரூ.9,450. இதுவே டாலரில் செலுத்துவதைவிட சுமார் 78 ரூபாய் அதிகம்.

செலவு இத்துடன் முடிவதில்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் ரூபாயில் செய்யப்படும் பரிவர்த்தனைக்கும் பல இந்திய வங்கிகள் தனிக் கட்டணம் விதிக்கின்றன. அது 1 சதவீதம் என்றால், ரூ.94.50 கட்டணமும் ரூ.17.01 ஜிஎஸ்டியும் சேர்ந்து மொத்தச் செலவு ரூ.9,561.51 ஆகிறது. வங்கி முழு 3.5 சதவீதத்தையும் விதித்தால், மொத்தத் தொகை சுமார் ரூ.9,840-ஐத் தொடும்.

ஆக, ஒரே பொருளுக்கு ஒரே நாளில், ஒரே அட்டையில் ரூ.190 முதல் ரூ.469 வரை கூடுதலாகச் செலவாகிறது. ஓராண்டில் 1,000 டாலர் அளவுக்குச் செலுத்தும் மாணவருக்கு இந்த வேறுபாடு சுமார் ரூ.1,900 முதல் ரூ.4,690 வரை ஆகும்.

மார்க்அப் 2 சதவீதமே உள்ள அட்டையில் டாலரில் செலுத்தியிருந்தால் மொத்தச் செலவு ரூ.9,212.40 மட்டுமே. மார்க்அப் இல்லாத அட்டை என்றால் ரூ.9,000-உடன் முடிந்துவிடும். எனவே, எந்த நாணயம் என்பதைப் போலவே எந்த அட்டை என்பதும் முக்கியம். செவிஸ் கட்டணமான 350 டாலரை இதே விகிதத்தில் கணக்கிட்டால், 3.5 சதவீத அட்டையில் வங்கிக்கும் ஜிஎஸ்டிக்கும் சேர்த்து சுமார் ரூ.1,301 போகும். 2 சதவீத அட்டையில் அது சுமார் ரூ.743.

ரூபாயில் செலுத்தியும் கட்டணம் ஏன்?

'ரூபாயில்தானே செலுத்தினேன், வங்கி ஏன் மீண்டும் கட்டணம் வசூலிக்கிறது?' என்பது அட்டைப் பட்டியலைக் கண்ட பிறகு பலர் எழுப்பும் கேள்வி. ஒரு பரிவர்த்தனை உள்நாட்டைச் சேர்ந்ததா, வெளிநாட்டைச் சேர்ந்ததா என்பதை அதன் நாணயம் மட்டும் முடிவு செய்வதில்லை. விற்பனையாளர் எந்த நாட்டில் பதிவு செய்துள்ளார் என்பதையும் அட்டை நிறுவனங்களும் வங்கிகளும் பார்க்கின்றன. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், தொகை ரூபாயில் இருந்தாலும் அது எல்லை தாண்டிய பரிவர்த்தனையே.

இந்தக் கட்டணம் பற்றிய விவரம் அட்டையுடன் வழங்கப்படும் முக்கிய விதிமுறைகள் ஆவணத்தில் இடம்பெற்றிருக்கும். அதில் 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்' என்றோ, 'வெளிநாட்டில் பதிவு செய்த விற்பனையாளரிடம் இந்திய ரூபாயில் செய்யும் பரிவர்த்தனை' என்றோ உள்ள வரியைத் தேட வேண்டும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். மார்க்அப் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் அட்டையில்கூட ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு என்ன விதி என்பதைத் தனியே பார்ப்பது நல்லது.

கண்ணைக் கவரும் பொத்தான்

டிசிசி மூலம் கிடைக்கும் லாபத்தில் விற்பனையாளருக்கும் பங்கு கிடைப்பது வழக்கம். அதனால்தான் பல தளங்களில் ரூபாய்க்கான பொத்தான் பெரிதாகவும் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டும் காணப்படுகிறது. டாலருக்கான வாய்ப்பு சிறிய எழுத்தில் கீழே இருக்கும். அதைத் தொட்டால், 'உங்கள் வங்கி என்ன விகிதம் போடும் என்பது உறுதியில்லை' என்பது போன்ற எச்சரிக்கை எழுவதும் உண்டு.

அந்த எச்சரிக்கை பொய் அல்ல. பொருள் வாங்கும் நாளுக்கும் வங்கிக் கணக்கில் அது பதிவாகும் நாளுக்கும் இடையே ஓரிரு நாள்கள் ஆகலாம். அதற்குள் விகிதம் சற்று மாறக்கூடும். ஆனால், அந்த ஏற்ற இறக்கம் வழக்கமாகச் சில காசுகளாகவே இருக்கும். அதைத் தவிர்ப்பதற்காக ஒரு டாலருக்கு நான்கைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது, சிறிய மழைக்குப் பயந்து பெரிய குடையை வாடகைக்கு எடுப்பதற்குச் சமம்.

'நாணய மாற்றுக் கட்டணம் கிடையாது' என்ற வாசகத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். தனிக் கட்டணம் என்று எதுவும் இல்லாமல் இருக்கலாம். லாபம் விகிதத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும்.

ரூபாயைத் தேர்ந்தெடுப்பது எப்போது சரி?

ரூபாயைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு சூழல்களில் அது சரியான முடிவாகலாம்.

முதலாவது, இந்தியாவுக்கென்றே ரூபாயில் விலை நிர்ணயித்துள்ள நிறுவனங்கள். திரைப்படச் சந்தா, மென்பொருள், கைப்பேசிச் செயலிகள் போன்றவற்றுக்குப் பல பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தனி விலை வைத்துள்ளன. அங்கு காட்டப்படும் ரூபாய் விலை, டாலரை மாற்றிக் கிடைத்த தொகை அல்ல. நாள்தோறும் மாறாமல் முழு எண்ணாக இருக்கும் விலையும், பரிமாற்ற விகிதம் எதுவும் பக்கத்தில் குறிப்பிடப்படாததும் இதற்கான அடையாளங்கள். அத்தகைய தளங்களில் ரூபாய் விலையே பொருத்தமானது.

இரண்டாவது, வங்கியின் மார்க்அப் கட்டணம் மிக அதிகமாகவும், இணையதளத்தின் விகிதம் ஓரளவு நியாயமாகவும் இருக்கும் சூழல். 3.5 சதவீத மார்க்அப் என்பது ஜிஎஸ்டியுடன் சேர்த்து உண்மையில் 4.13 சதவீதம். ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு அந்த வங்கி 1 சதவீதம் வசூலிக்கிறது என்றால், இணையதளத்தின் விகிதம் அட்டை நிறுவன விகிதத்தைவிட சுமார் 2.9 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இல்லாதவரை ரூபாயில் செலுத்துவது மலிவாக இருக்கும். மேலே கண்ட எடுத்துக்காட்டில், ஒரு டாலருக்கு ரூ.92.60 வரை என்றால் ரூபாயைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் போனால் டாலரே மேல்.

இணையதளத்தின் விகிதத்தைக் கண்டறிய ஒரு வகுத்தல் போதும். திரையில் காட்டப்படும் ரூபாய்த் தொகையை டாலர் தொகையால் வகுத்தால் அவர்களின் விகிதம் கிடைத்துவிடும். விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு நிறுவனங்களும் தமது இணையதளங்களில் நாணய மாற்றுக் கணிப்பான்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ளன. தேதி, தொகை, வங்கியின் கட்டணச் சதவீதம் ஆகியவற்றைப் பதிவிட்டால், டாலரில் செலுத்தும்போது ஆகும் செலவு தெரிந்துவிடும். இரண்டையும் ஒப்பிட இரண்டு நிமிடங்கள் போதும்.

திருமலைக்கு வருவோருக்குக் கணக்கு திரும்புகிறது

இதே விதி எதிர்த்திசையிலும் பொருந்தும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் வாழும் தமிழர்களும் தெலுங்கர்களும் திருமலை தரிசனத்துக்காகத் திருப்பதி வருகின்றனர். அங்கிருந்தபடியே விடுதி அறை, வாகனம் ஆகியவற்றை இணையத்தில் முன்பதிவு செய்கின்றனர்.

இங்கு விற்பவர் இந்தியாவில் இருக்கிறார். அவரது நாணயம் ரூபாய். எனவே, சிங்கப்பூரில் இருந்து பதிவு செய்பவருக்குச் சிங்கப்பூர் டாலரில் தொகை காட்டப்பட்டால், அவர் ரூபாயைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக நல்லது. திருப்பதி விடுதியின் வரவேற்பறையில் வெளிநாட்டு அட்டையைக் கருவியில் செருகும்போது இதே கேள்வி எழுந்தாலும் பதில் ரூபாய்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ரூ.300 சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் போல, ரூபாயில் மட்டுமே விலை குறிக்கப்பட்டவற்றில் இந்தக் குழப்பம் எழுவதில்லை.

ஸ்ரீகாளஹஸ்தியில் கையால் வரையப்படும் கலம்காரி துணியை டொரொண்டோவில் இருந்து வாங்குபவருக்கும் இது பொருந்தும். நெசவுத் துணியின் விலை ரூபாயில் இருந்தால், கனடா டாலரில் மாற்றிக் காட்டப்படும் தொகையைவிட ரூபாய்த் தொகையைச் செலுத்தி, மாற்றத்தைத் தமது வங்கியிடம் விடுவதே அவருக்கு ஏற்றது.

ஆகவே, நினைவில் கொள்ள வேண்டியது 'டாலரைத் தேர்ந்தெடு' என்பதல்ல. 'விற்பவரின் நாணயத்தைத் தேர்ந்தெடு' என்பதே.

இன்னொரு வழியும் வெளிநாட்டு இந்தியர்களுக்கு உண்டு. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் கைப்பேசி எண்களை, என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்குடன் இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் தேசிய கொடுப்பனவுக் கழகம் அனுமதி அளித்தது. கணக்கில் ஏற்கெனவே ரூபாய் இருப்பதால், செலுத்தும் நேரத்தில் நாணய மாற்றம் தேவைப்படாது.

மூன்றாவது நாணயமும் ஃபாரெக்ஸ் கார்டும்

சில தளங்களில் வேறொரு சிக்கல் உள்ளது. பிரிட்டனைச் சேர்ந்த விற்பனையாளர் பவுண்டில் விலை வைத்திருப்பார். பக்கத்தின் மேல்பகுதியில் உள்ள பட்டியலில் அமெரிக்க டாலரைத் தேர்வு செய்தால், பவுண்டு முதலில் டாலராக மாறும். பிறகு வங்கி அதை ரூபாயாக மாற்றும். இரண்டு மாற்றங்கள், இரண்டு லாபங்கள். விற்பவரின் உண்மையான நாணயம் எது என்பதைத் தெரிந்துகொண்டு அதையே தேர்வு செய்தால் ஒரு மாற்றம் மிச்சமாகும்.

மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஃபாரெக்ஸ் கார்டில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். அந்த அட்டையில் ரூபாயைக் கொடுத்து ஏற்கெனவே டாலர் வாங்கி ஏற்றப்பட்டிருக்கிறது. இந்திய அட்டை என்று அடையாளம் கண்டு தளம் ரூபாயைக் காட்ட, அதை அழுத்திவிட்டால், டாலர் விலை ரூபாயாகி, அந்த ரூபாய் மீண்டும் டாலராகி அட்டையில் கழிக்கப்படும். அட்டையில் டாலர் இருக்கும்போது டாலர் விலைக்கு டாலரையே கொடுப்பதுதான் முறை. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றப்படும் தொகை, ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்ட வரம்புக்குள் அடங்கும்.

பல லட்சம் ரூபாய் வரும் கல்விக் கட்டணத்தை அட்டையில் செலுத்துவது பொதுவாக உகந்ததல்ல. மூன்றரை சதவீதம் என்பது அங்கு பெருந்தொகை. வங்கி மூலம் நேரடியாக அனுப்பும் முறையில் விகிதத்தையும் கட்டணத்தையும் இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்து ஒப்பிட இயலும்.

பொருளைத் திருப்பி அனுப்பினால்

வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது, கொடுத்த ரூபாய் அப்படியே திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டாலரில் செலுத்தியிருந்தால் 100 டாலர் திரும்பி வரும். ஆனால், அது திரும்பும் நாளின் விகிதத்தில்தான் ரூபாயாக மாற்றப்படும். ரூபாயின் மதிப்பு இடையில் குறைந்திருந்தால் சற்றுக் கூடுதலாகவும், உயர்ந்திருந்தால் சற்றுக் குறைவாகவும் வரும். வங்கி வசூலித்த மார்க்அப்பும் ஜிஎஸ்டியும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. திருப்பி அனுப்ப வாய்ப்புள்ள உடை, காலணி போன்றவற்றை வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும் முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொருள் இந்தியாவுக்குள் வரும்போது விதிக்கப்படும் சுங்க வரி இவை அனைத்துக்கும் அப்பாற்பட்ட தனிச் செலவு.

உலக நாடுகள் என்ன செய்கின்றன?

டிசிசி சட்டவிரோதமானது அல்ல. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அது நடப்பதே சிக்கல். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், டிசிசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் 2.6 முதல் 12 சதவீதம் வரை கூடுதலாகச் செலுத்த நேரிடுவதாக 2017-இல் சுட்டிக்காட்டியது. இதையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் புதிய விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, நாணய மாற்றுக்கான கூடுதல் தொகையை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துடன் ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் அதிகம் என்று பணம் செலுத்தும் முன்பே காட்ட வேண்டும். இந்த விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் வழக்கு வேறு திசையில் சென்றது. டிசிசி சேவை பரவுவதைத் தடுத்ததன் மூலம் போட்டிக்கு இடையூறு செய்ததாக, அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் 2015-இல் விசா நிறுவனத்துக்கு 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இரண்டு வாய்ப்புகளும் வாடிக்கையாளர் முன் இருக்க வேண்டும் என்பதும், இரண்டின் விலையும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதும் இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படுகிறது.

கேட்காமலே ரூபாயில் மாற்றிவிட்டால்?

டிசிசியை ஏற்பதா, மறுப்பதா என்பதை அட்டைதாரரே முடிவு செய்ய வேண்டும் என்பது அட்டை நிறுவனங்களின் விதி. எந்தத் தேர்வும் வழங்காமல் ரூபாயில் தொகை எடுக்கப்பட்டிருந்தால், முதலில் விற்பனையாளரிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். பணம் செலுத்தும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் மின்னஞ்சல் ரசீதும் இதற்குச் சான்றாக உதவும்.

வங்கி 30 நாள்களுக்குள் பதில் அளிக்காவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். இதற்கான தகவல்களை 14448 என்ற எண்ணில் பெறலாம். ஆனால், வெளிநாட்டு விற்பனையாளர் மீது அல்ல, வங்கியின் சேவைக் குறைபாடு குறித்தே அங்கு முறையிட முடியும்.

பாதுகாப்பு குறித்தும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்கப்படாமலேயே பணம் எடுக்கப்பட்டுவிடுகிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் வாடிக்கையாளர் விரும்பினால் மட்டுமே இயங்கும். அவற்றை இயக்கவும் நிறுத்தவும் வரம்பு வைக்கவும் வங்கியின் செயலியிலேயே வசதி உள்ளது. பணம் செலுத்துவதற்கு முன் தேவையான தொகைக்கு மட்டும் வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்திவிடுவது பாதுகாப்பானது.

பொத்தானை அழுத்தும் முன்

வெளிநாட்டுத் தளத்தில் பணம் செலுத்துவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

* விற்பவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர், அவரது விலை எந்த நாணயத்தில் உள்ளது என்பதைப் பார்க்க வேண்டும்.
* வீட்டில் உள்ள அட்டைகளில் எதற்கு மார்க்அப் கட்டணம் குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்து வைக்க வேண்டும்.
* வெளிநாட்டு விற்பனையாளரிடம் ரூபாயில் செலுத்தினால் வங்கி என்ன வசூலிக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.
* ரூபாய்த் தொகை காட்டப்பட்டால், அதை டாலர் தொகையால் வகுத்து, அன்றைய அட்டை நிறுவன விகிதத்துடன் ஒப்பிட வேண்டும்.
* முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டுள்ள பொத்தானை அப்படியே ஏற்காமல், 'நாணயத்தை மாற்று' போன்ற சிறிய இணைப்பு உள்ளதா என்று தேட வேண்டும்.
* கணக்கிட நேரம் இல்லாவிட்டால், விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.
* ரசீதையும் கடைசிப் பக்கத்தின் படத்தையும் அட்டைப் பட்டியல் வரும் வரை வைத்திருக்க வேண்டும்.

அட்டைப் பட்டியல் வந்ததும், திரையில் கண்ட தொகையையும் வங்கி எடுத்த தொகையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த அட்டையின் உண்மையான விலை தெரிந்துவிடும். அடுத்த விண்ணப்பத்துக்கு எந்த அட்டை, எந்த நாணயம் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.